பெர்மிட்டுக்கு மட்டுமா பரிசோதனை?

ஊரைவிட்டு வந்து நம் தோட்டங்களில் பாடுபடும் தோழர்களே! 1997 முதல் அந்நியத் தொழிலாளர்களுக்கு ஃபொமீமா வழியாகப் பரிசோதனை நடக்கிறது. ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே பார்க்கிறார்கள். அது பெர்மிட்டுக்கு. உங்கள் உடம்புக்கு?

"எனக்கு ஒண்ணுமில்லையே, எதுக்கு டாக்டர்?" என்காதீர்கள். ரத்தக் கொதிப்பும் இனிப்பு நீரும் வலி காட்டாமலே கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வருடம் ஒரு தடவையாவது கிளினிக்கில் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். கொதிப்பு 140/90ஐத் தொட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? சளிப் பரிசோதனை செய்யுங்கள். "ஊருக்கு அனுப்பிடுவாங்களே" என்ற பயம் நியாயந்தான். ஆனால் மறைத்தால், காசநோய் லயத்தில் கூடப் படுப்பவருக்கும் தொற்றும். ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் குணமாகும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல். முற்றவிட்டால் செலவு இன்னும் ஏறும். தனியாகத் தவிக்காமல் தோட்டக் கமிட்டியிடம் வந்து சொல்லுங்கள்.