சிடி டிரைவ் இல்லையா? பென் டிரைவ் மூலம் லினக்ஸ் நிறுவலாம்!

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கி வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “லினக்ஸ் போடலாமா?” என்பது. அடுத்த கேள்வி, “இதில் சிடி டிரைவே இல்லையே?”

கவலை வேண்டாம். உபுண்டு சிடியை இலவசமாகத் தபாலில் அனுப்பி வந்த ஷிப்இட் திட்டமே 2011-ல் நின்றுவிட்டது. இன்று 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும்.

புதியவர்களுக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட். பழைய மெஷின் என்றால் அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 4 ஜிபி ராம் இருந்தால் நிம்மதியாக ஓடும். அதன் இணையதளத்திலிருந்து ஐஎஸ்ஓ ஃபைலை டவுன்லோடு செய்யுங்கள். ஏறக்குறைய 3 ஜிபி இருக்கும். இந்த ஃபைலை பென் டிரைவில் அப்படியே காப்பி செய்தால் கம்ப்யூட்டர் அதிலிருந்து பூட் ஆகாது. ரூஃபஸ் என்னும் சிறிய இலவச புரோகிராமைத் திறந்து, பென் டிரைவையும் ஐஎஸ்ஓ ஃபைலையும் தேர்வு செய்து ஸ்டார்ட் பட்டனைக் க்ளிக் செய்யுங்கள். பென் டிரைவில் முன்பு இருந்தவை அனைத்தும் அழிந்துவிடும்.

அடுத்து விண்டோஸை முழுமையாக மூட வேண்டும். ஷிப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். சாதாரணமாக மூடினால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி விண்டோஸை அரைத் தூக்கத்தில் வைத்திருக்கும். பிட்லாக்கர் இயங்கினால் அதன் ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு அதை அணைத்துவிடுங்கள்.

பென் டிரைவைச் செருகி, பவர் பட்டனை அழுத்தியதும் பூட் மெனு கீயைத் தட்டுங்கள். டெல், லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. பட்டியலில் பென் டிரைவைத் தேர்வு செய்தால் சிறிது நேரத்தில் மின்ட் டெஸ்க்டாப் வந்துவிடும். இது இன்னும் ஹார்டு டிஸ்க்கைத் தொடவில்லை. பென் டிரைவிலிருந்தும் ராமிலிருந்துமே ஓடுகிறது. வைஃபை, ஒலி, டச்பேட் மூன்றையும் இப்போதே சோதித்துவிடுங்கள். எது வேலை செய்யவில்லை என்றாலும், பென் டிரைவைக் கழற்றிவிட்டு விண்டோஸுக்கே திரும்பிவிடலாம்.

உண்மையான ஆபத்து இனிமேல்தான். டெஸ்க்டாப்பில் உள்ள இன்ஸ்டால் ஐகானைக் க்ளிக் செய்தால், சில கேள்விகளுக்குப் பின் ‘எரேஸ் டிஸ்க்’ என்றொரு வாய்ப்பு வரும். பார்க்க எளிதாக இருக்கும். விண்டோஸ், அதிலுள்ள ஃபைல்கள் அத்தனையும் போய்விடும். என் பெரியம்மா மகன் தன் லேப்டாப்பைக் கொண்டு வந்தபோது அவருடைய கல்யாணப் போட்டோக்கள் அதில் மட்டும்தான் இருந்தன. “சீக்கிரம் போட்டுக் கொடுப்பா” என்று அவசரப்படுத்தினார். “அண்ணே, போட்டோ முதலில், லினக்ஸ் அப்புறம்” என்று சொல்லிவிட்டேன். எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி செய்து, அதை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகே இன்ஸ்டால் ஐகானைத் தொட்டேன். காப்பி ஆகவே ஒன்றரை மணி நேரம்; லினக்ஸ் ஏற அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

விண்டோஸும் வேண்டும் என்றால் ‘அலாங்சைட்’ என்ற வாய்ப்பைத் தேர்வு செய்து, லினக்ஸுக்குக் குறைந்தது 20 ஜிபி ஒதுக்குங்கள். இதற்கும் பேக்கப் அவசியம். முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்து, சொல்லும்போது பென் டிரைவை எடுத்துவிடுங்கள். தமிழில் டைப் செய்ய தனி சாஃப்ட்வேர் தேடி அலைய வேண்டாம். கீபோர்டு செட்டிங்ஸில் தமிழ்99 ஏற்கெனவே இருக்கிறது.