உப்பைப் பிடித்து வைக்கும் ஓமோன்

"பிரஷர்" என்ற ஒரே சொல்லில் நம் வீடுகளில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறோம். மந்திகை வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போய் வருபவர்களின் கொப்பிகளைப் புரட்டினால் 150/90, 160/100 என்று எண்கள் வரிசையாக இருக்கும். ஏன் ஏறியது என்று கேட்டால் வயது, உப்பு, யோசனை என்று மூன்று பதில்கள் கிடைக்கும். மூன்றும் பொய்யல்ல. உயர் குருதியமுக்கம் உள்ள பெரும்பாலானோருக்கு இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் காட்ட முடியாது. ஆனால் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் வரையில் காரணம் ஓர் இடத்தில் ஒளிந்திருக்கிறது என்று மருத்துவர்கள் மதிப்பிடுகிறார்கள். அந்த இடம் அதிரீனற் சுரப்பி.

ஒவ்வொரு சிறுநீரகத்தின் மேலும் தொப்பி போல ஒன்று அமர்ந்திருக்கும். நிறை 5 கிராமளவுதான். அதன் உள்ளே இருக்கும் மையவிழையம் சுரக்கும் அதிரீனலினை நாம் எல்லோரும் அறிவோம். பரீட்சை மண்டபத்தில் வினாத்தாள் மேசைக்கு வரும்போது நெஞ்சு அடித்துக்கொள்வது அதன் வேலை. வந்த வேகத்தில் போய்விடும். அதை அளவுமீறிச் சுரக்கும் கட்டிகளும் உண்டு, ஆனால் அவை அரிது. வெளியே உள்ள மேற்பட்டையிலிருந்து வரும் அல்டொஸ்தெரோன் அப்படிப்பட்டதல்ல. அது நெஞ்சைப் படபடக்க வைக்காது. சிறுநீரோடு வெளியேறப்போகும் சோடியத்தைப் பிடித்து உடலுக்குள் திருப்பி அனுப்பும். பதிலுக்குப் பொட்டாசியத்தை வெளியே தள்ளும். சோடியத்தின் பின்னால் நீரும் வரும். குருதியின் கனவளவு கூடும்.

வடமராட்சி வெயிலில் மண்வெட்டி பிடிப்பவருக்கு இந்த ஓமோன் ஓர் அருள்தான். வியர்வையில் உப்பு போய்விட்டால் மிஞ்சியதைக் காப்பாற்றிக் கொடுப்பது அது. தேவை இல்லாதபோதும் சுரந்துகொண்டே இருந்தால்தான் சிக்கல்.

அந்தச் சிக்கலை முதலில் தெளிவாக இனங்கண்டவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரோம் கொன். அல்டொஸ்தெரோன் கண்டுபிடிக்கப்பட்டதே 1953இல்தான். அடுத்த ஆண்டு 34 வயதுப் பெண் ஒருவர் அவரிடம் வந்தார். ஏழு ஆண்டுகளாகத் தசை பலவீனமும் பிடிப்பும். குருதியமுக்கம் உயர்வு, பொட்டாசியம் மிகக் குறைவு. கொன் மாதக்கணக்கில் அவரது சிறுநீரையும் குருதியையும் சோதித்து, அதிரீனற் சுரப்பிகளே காரணம் என்று முடிவுக்கு வந்தார். இரண்டையும் அகற்றிவிடுவது என்றுதான் திட்டம். 1954 டிசெம்பரில் வயிற்றைத் திறந்தபோது ஒரு சுரப்பியில் 4 சென்ரிமீற்றர் அளவான கட்டி இருந்தது. கட்டியை எடுத்தார்கள். அமுக்கம் இறங்கியது, பொட்டாசியமும் சீரானது. கட்டியைக் கண்ணால் காணும் முன்பே வெறும் உப்புக் கணக்கை வைத்து இடத்தைச் சொன்னதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி.

இனி நாடிச் சுவருக்கு வருவோம். நாடி வெறும் குழாய் அல்ல. உள்ளே ஒற்றைக் கலத் தடிப்பில் அகவணி, நடுவே மழமழப்பான தசையும் மீள்சக்தி நார்களும், வெளியே தொடுப்பிழையம். அகவணிக் கலங்கள் நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயுவைச் சிறிதளவில் விட்டுக்கொண்டே இருக்கும். அதுவே தசையைத் தளர்த்தி நாடியை விரியச் செய்வது. அல்டொஸ்தெரோன் மிகும்போது அகவணிக் கலங்களுக்குள் சோடியம் கூடுதலாக நுழைகிறது. கலம் விறைக்கிறது, வாயு குறைகிறது. நடுப் படையில் தசை தடிக்கிறது. கொலாஜன் நார்கள் படிந்து சுவர் இறுகுகிறது. தோட்டத்தில் வெயிலில் கிடந்து காய்ந்த இறப்பர் குழாயை நினைத்துப் பாருங்கள். வளைக்கவும் முடியாது, உள்ளே நீர் வந்தாலும் விரியாது. புதிய குழாய் இதயத்தின் ஒவ்வோர் அடியையும் விரிந்து வாங்கிக்கொள்ளும். காய்ந்த குழாயில் அந்த அடி முழுதும் மூளையையும் சிறுநீரகத்தையும் போய்த் தாக்கும்.

சுவர் உட்புறமாகத் தடிக்கும்போது வழியும் ஒடுங்குகிறது. பௌதிகவியலில் புவாசேயின் சூத்திரத்தைப் படித்த தோழியருக்கு இது விளங்கும்: தடை, ஆரையின் நான்காம் வலுவுக்கு நேர்மாறு. ஆரை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். அமுக்கம் சுவரைத் தடிப்பாக்க, தடித்த சுவர் அமுக்கத்தை மேலும் ஏற்றுகிறது.

இந்தச் சேதம் உயர்ந்த அமுக்கத்தால் மட்டும் வருவதா, ஓமோனே நேரடியாகச் செய்வதா? 2005இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்று இதற்குப் பதில் தேடியது. அல்டொஸ்தெரோன் மிகுந்த 124 பேரை, குருதியமுக்கம் அவர்களைப் போலவே இருந்தும் ஓமோன் மிகாத 465 பேரோடு ஒப்பிட்டார்கள். முதல் குழுவில் 12.9 வீதமானோருக்கு பாரிசவாதம் வந்திருந்தது, இரண்டாவதில் 3.4 வீதம். கொப்பியில் எழுதும் எண் ஒன்றாக இருந்தாலும் உள்ளே நடப்பது ஒன்றல்ல.

ஆகவே இளவயதிலேயே அமுக்கம் உயர்ந்தவர்கள், மூன்று வகை மாத்திரை எடுத்தும் இறங்காதவர்கள், பொட்டாசியம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு இந்த ஓமோனையும் குருதியில் அளந்து பார்ப்பது நல்லது. பொட்டாசியம் சரியாக இருக்கிறது என்பதால் மட்டும் இந்நோய் இல்லையென்று சொல்லிவிட முடியாது. கட்டி ஒரு பக்கம் மட்டும் என்றால் சத்திரசிகிச்சை. இரண்டு பக்கமும் என்றால் ஸ்பைரனோலக்ரோன் போன்ற மாத்திரை. அது அல்டொஸ்தெரோன் வந்து அமரும் வாங்கியை முன்னரே பிடித்துக்கொள்கிறது.

சுரப்பியில் ஒரு குறையும் இல்லாமலே இதே நோய்க்குறிகளைக் கொண்டுவரும் பொருளொன்று நம் வீட்டுச் சரக்குப் பெட்டியிலேயே இருக்கிறது. அதிமதுரம். எங்கள் வீட்டில் யாராவது இருமினால் உம்மம்மா முதலில் தேடுவது அதைத்தான். சிறுநீரகத்தில் அல்டொஸ்தெரோன் அமரும் வாங்கியில் கோட்டிசோல் என்ற இன்னோர் அதிரீனல் ஓமோனும் அமரக்கூடியது. குருதியில் அதன் அளவும் நூறு மடங்குக்கு மேல். அது அமராதபடி ஒரு நொதியம் வாசலில் நின்று கோட்டிசோலைச் செயலிழக்கச் செய்கிறது. அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளிசரைசின் அந்தக் காவல்காரனை மடக்கிவிடும். பிறகு கோட்டிசோலே அல்டொஸ்தெரோனின் வேலையைச் செய்யும்: உப்பு தங்கும், பொட்டாசியம் போகும், அமுக்கம் ஏறும். 1946இல் நெதர்லாந்தில் வயிற்றுப் புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்த ரெவெர்ஸ் என்ற மருத்துவர் நோயாளிகளின் உடல் வீங்குவதைக் கவனித்தார். பின்னர் 1968இல் அதே கொன் இதைப் பற்றியும் எழுதினார்.

இருமலுக்கு இரண்டு நாள் குடிக்கும் குடிநீரால் சுகதேகிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே பிரஷர் மாத்திரை எடுப்பவர் வாரக்கணக்கில் நாள்தோறும் குடித்தால் கதை வேறு. மாத்திரையின் அளவை மட்டும் கூட்டிக்கொண்டே போவார்கள், ஏனெனில் குடிநீரைப் பற்றிக் கிளினிக்கில் யாரும் சொல்வதில்லை. அது மருந்தென்றே அவர்கள் நினைப்பதில்லை. குடிப்பதை நிறுத்தினாலும் அந்த நொதியம் பழைய நிலைக்குத் திரும்பச் சில வாரங்கள் எடுக்கலாம். அதுவரை அமுக்கத்தையும் பொட்டாசியத்தையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.