உலோக வால்வும் ஒரு வேளை மாத்திரையும்

"இந்த வால்வு எத்தனை ஆண்டுகள் உழைக்கும்?" அறுவை சிகிச்சைக்கு முன் குடும்பத்தார் தவறாமல் கேட்கும் கேள்வி இது. விலங்குத் திசுவாலான வால்வு 10, 15 ஆண்டுகளில் பழுதடையக்கூடும். உலோக வால்வோ எளிதில் தேய்வதில்லை. 1960இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் அறிமுகமான ஸ்டார்-எட்வர்ட்ஸ் வால்வுகளுள் சில, 40 ஆண்டுகளுக்கு மேலும் இயங்கியுள்ளன. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா நிறுவனம் உருவாக்கிய வால்வு 1990 முதல் பொருத்தப்பட்டு வருகிறது.

ஆகவே அச்சம் வால்வைப் பற்றியதன்று. அதன்மேல் இரத்தம் உறைவதைப் பற்றியது. வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரையை வாழ்நாள் முழுவதும் உட்கொள்வது இதற்காகவே. மைட்ரல் வால்வு பெற்றவர்க்கு ஐ.என்.ஆர். அளவு பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருத்தல் வேண்டும். குறைந்தால் உறைகட்டி, மிகுந்தால் இரத்தக்கசிவு.

முதல் ஆண்டில் எவரும் மாத்திரையை மறப்பதில்லை. உடல் தேறி, வேலைக்குத் திரும்பி, "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று எண்ணும் காலமே ஆபத்தானது. இரவின் அமைதியில் கேட்கும் 'டிக்' ஒலி மங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ விடியும்வரை காத்திராமல் உடனே வாருங்கள்.

கீரையை அறவே விலக்க வேண்டியதில்லை. வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்டால் போதும். வலி மாத்திரையையும் நாட்டு மருந்தையும் கேளாமல் உட்கொள்ளாதீர்கள். பல் பிடுங்குமுன் பல் மருத்துவரிடம் வால்வு அட்டையைக் காட்டுங்கள். தாய்மையை விரும்பும் பெண்கள், கருவுறுவதற்கு முன்பே எங்களிடம் பேசுதல் வேண்டும். வார்ஃபரின் கருவைப் பாதிக்கக்கூடும். எனினும், தாமாக மாத்திரையை நிறுத்துவது தாயின் உயிருக்கே கேடாகும்.