ஒரு பெட்டியினுள் முப்பது கணினிகள்

கணினி என்ற மாத்திரத்தே நம் மனக்கண்முன் தோன்றுவது மேசைமீது வீற்றிருக்கும் ஒரு பெட்டியும் அதன் முகமாய் அமைந்த திரையுமே. பெட்டியைத் திறந்தால் உள்ளே செயலி உண்டு, நினைவகம் உண்டு, வன்தட்டு உண்டு. இவை யாவும் கையால் தொட்டறியத் தக்கவை. ஆனால் தொட்டறிய இயலாத கணினியும் உண்டு. அதற்கெனத் தனிப் பெட்டி இல்லை. தனி வன்தட்டும் இல்லை. இருந்தும் அதனுள்ளே இயங்கும் பணிசெயல் முறைமையை வினவினால், 'இவ்வியந்திரம் முழுவதும் எனக்கே உரியது' என்று சாதிக்கும். இதனையே மெய்நிகர் கணினி என்பர். மெய்யான கணினியொன்றின் உள்ளே மென்பொருளாற் படைக்கப்பட்ட மற்றொரு கணினி அது. அதன் வன்தட்டு என்பது நம் கணினியிலுள்ள ஒரு பெரிய கோப்பேயாம்.

இது நேற்று முளைத்த புதுமையன்று. 1960களில் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிறிட்ஜ் நகரில் ஐ.பி.எம். நிறுவனத்தார் நடத்திய அறிவியல் நிலையத்தில் இக்கருத்து உருப்பெற்றது. அந்நாளில் ஒரு கணினி ஓர் அறையை அடைத்துக்கொள்ளும். அதன் விலையோ பல்கலைக்கழகங்களையும் திணறச் செய்யும். ஒரே இயந்திரத்தைப் பலருக்குப் பகிர்ந்து, ஒவ்வொருவரும் முழு இயந்திரமும் தமக்கே உரியதென எண்ணுமாறு செய்தல் கூடுமா என அங்குள்ளோர் ஆராய்ந்தனர். சி.பி. 40 என்னும் அவர்களுடைய முறைமை ஒரே வேளையில் 14 மெய்நிகர் இயந்திரங்களைத் தாங்கியது. 1972இல் அதன் வழித்தோன்றல் வி.எம். 370 என்ற பெயருடன் சந்தைக்கு வந்தது. பின்னர் மலிவான சிறு கணினிகள் பெருகவே, பகிர்தலின் தேவை குன்றிற்று. கலையும் ஓரளவு மறக்கப்பட்டது. 1998இல் தொடங்கப்பெற்ற வி.எம்.வெயர் நிறுவனம் அடுத்த ஆண்டிலேயே இதனைச் சாதாரண மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. 2007 முதல் கே.வி.எம். என்னும் பெயரில் லினக்ஸின் கருவுள்ளேயே இவ்வசதி இடம்பெற்றுள்ளது.

பாடசாலைகளுக்கு இதனால் யாது பயன் என வினவலாம். கணினிக் கல்வி பயிலும் மாணவன் கெடுத்துப் பார்த்தே கற்கவேண்டும். பணிசெயல் முறைமையை நிறுவுதல், வலையமைப்பைக் கட்டுதல், கோப்புகளை அழித்து மீட்டல் ஆகிய இவற்றைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் போதாது. ஆயின் காலையில் ஒரு வகுப்பு கெடுத்துவிட்ட கணினியில் மாலை வகுப்பு என் செய்யும்? மெய்நிகர் கணினியோ கெட்டால் ஒரு நிமிடத்தில் பழைய நிலைக்கு மீள்வது. ஆய்வுகூடத்திலே கணினிகள் குறைந்த ஒரு கல்லூரிக்கு இது பெரும் வரப்பிரசாதம். ஆனால் அதனை எவ்வாறு சேமிப்பது, எவ்வாறு பங்கிடுவது என்று அறியாதார் கையில் அதுவே பெருஞ்சுமையும் ஆகும்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லுவோம். ஒரு மெய்நிகர் கணினிக்கு 40 ஜிகாபைற்று வன்தட்டு வேண்டுமென நாம் குறித்தால், அவ்வளவு இடமும் உடனே எடுக்கப்படவேண்டும் என்பதில்லை. எழுத எழுத வளரும் வகையிலும் கோப்பை அமைக்கலாம். 40 என்பது எல்லை மாத்திரமே. இவ்வகையே சிக்கனமானது. ஆயினும் இதில் ஒரு நுட்பம் உண்டு. வளர்ந்த கோப்பு தானாகச் சுருங்குவதில்லை. உள்ளே 10 ஜிகாபைற்றுக் காணொளிகளை இட்டு அழித்தாலும், வெளியே கோப்பின் பருமன் அப்படியே நிற்கும். ஏனெனில் அழித்தல் என்பது பெயரேட்டில் பெயரை வெட்டுவது போன்றதே. எழுதியது எழுதியபடியே கிடக்கும். உள்ளேயிருந்து வெற்றிடத்தைச் சுழியங்களால் நிரப்பிய பின்னர், வெளியே சுருக்கும் கட்டளையைக் கொடுத்தல் வேண்டும். பலர் இதனை அறியாது புதிய வன்தட்டு வாங்க ஓடுகின்றனர்.

அடுத்தது பிரதிகள். முப்பது மாணவர்க்கு முப்பது மெய்நிகர் கணினிகள் வேண்டும் என்க. ஒவ்வொன்றும் 12 ஜிகாபைற்று எனின், மொத்தம் 360 ஆகும். இம்முப்பதிலும் பெரும்பகுதி ஒன்றே: அதே பணிசெயல் முறைமை, அதே மென்பொருள்கள். ஒரே பாடநூலை முப்பது முறை கையால் எழுதிவைப்பது போன்ற வீண்செயல் இது. இதற்கு உபாயம் யாது?

புவியியல் வகுப்பிலே நாம் செய்வதை நினைவுகூருங்கள். மேசைமீது மூலப்படம் ஒன்று இருக்கும். அதன்மேல் ஒவ்வொரு மாணவனும் தன் மெல்லிய தாளை விரித்து, தன் குறிகளை அத்தாளிலேயே வரைவான். மேலிருந்து நோக்குங்கால் மூலமும் குறியும் சேர்ந்து ஒரே படமாய்த் தோன்றும். ஆனால் மூலத்தில் ஒரு கீறலும் விழுந்திராது. மெய்நிகர் கணினிகளிலும் இதுவே முறை. எல்லார்க்கும் பொதுவாக ஓர் அடிப்படைக் கோப்பு. ஒவ்வொருவர்க்கும் ஒரு மேலடுக்குக் கோப்பு. வாசிக்கும்போது மேலடுக்கில் இல்லாதது அடியிலிருந்து வரும். எழுதும்போது அப்பகுதி மாத்திரம் பிரதி செய்யப்பட்டு மேலடுக்கில் எழுதப்படும். கியூஎமு என்னும் மென்பொருளின் கோப்பு வகையில் இப்பகுதிகள் வழக்கமாக 64 கிலோபைற்று அளவின. 'எழுதுங்காற் பிரதிசெய்' என்னும் இம்முறைக்குரிய ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்தால் 'கவ்' என்றாகும். ஆதலின் அக்கோப்பு வகைக்குக் 'கியூகவ்' என்று பெயர். பெயரிலே ஒரு பசு நிற்கிறது! வகுப்பிலே இதைச் சொன்னால் மாணவர் மறப்பதில்லை.

கணக்கைப் பார்ப்போம். அடிப்படைக் கோப்பு 12 ஜிகாபைற்று. ஒவ்வொரு மாணவனும் ஒன்றரை ஜிகாபைற்று எழுதினாலும் முப்பதின்மருக்கு 45. ஆக மொத்தம் 57. முந்நூற்று அறுபது எங்கே, ஐம்பத்தேழு எங்கே!

ஆயின் இச்சிக்கனத்துக்கு ஒரு விலையுண்டு. அடிப்படைக் கோப்பை ஒருபோதும் மாற்றலாகாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் நிகழ்ந்ததைக் கேளுங்கள்; பெயர் வேண்டா. உயர்தர மாணவர் தம் செயற்றிட்டங்களை ஒரு தவணை முழுதும் இவ்வாறான மேலடுக்குகளிலே செய்துவந்தனர். விடுமுறையில் ஒருவர், நன்மை கருதியே, அடிப்படைக் கோப்பைத் திறந்து புதிய மென்பொருள்களை அதனுள் நிறுவினார். தவணை தொடங்கியபோது ஒரு மாணவரின் கணினியும் ஒழுங்காய் எழவில்லை. மேசைமீதிருந்த மூலப்படத்தை எடுத்துவிட்டு வேறொரு படத்தை வைத்தால், பழைய தாள்களிலுள்ள குறிகள் எதனைச் சுட்டும்? பழைய மூலத்தின் பிரதி ஒன்று இருந்திருப்பின் யாவும் மீண்டிருக்கும். அது இல்லை. தன் வேலையை வாரந்தோறும் பென் டிரைவில் எடுத்துச் சென்ற ஒரு மாணவியின் செயற்றிட்டம் மாத்திரமே தப்பியது. ஏனையோர் பரீட்சைக்குச் சில வாரங்களே இருக்க, முதலிலிருந்து தொடங்கினர்.

எனவே அடிப்படைக் கோப்பை உருவாக்கிய அன்றே அதனை வாசிப்பதற்கு மாத்திரம் உரியதாகப் பூட்டிவிடுதல் வேண்டும். அதன் பிரதி ஒன்று வேறொரு வன்தட்டில், இயலுமாயின் வேறொரு கட்டடத்தில் இருத்தல் வேண்டும். புதிய மென்பொருள் தேவைப்படின், புதிய திகதியிட்ட பெயருடன் வேறோர் அடிப்படையை உண்டாக்குக. பழையதை நம்பிய மேலடுக்கு ஒன்றேனும் உள்ளவரை பழையது இருக்கட்டும்.

ஸ்னாப்ஷொட் எனப்படும் நிலைப்படத்தைப் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. கணினியின் இக்கண நிலையைக் குறித்துவைத்து, வேண்டும்போது அந்நிலைக்குத் திரும்புவதற்கான வசதி அது. சோதனைக்கு முன் ஒன்று எடுத்து, சோதனை முடிந்ததும் நீக்கிவிடுவதே அதன் முறையான பாவனை. இதனைக் காப்புப் பிரதியென எண்ணுதல் தவறு. நிலைப்படமும் அதே வன்தட்டில் அதே கோப்பைச் சார்ந்தே நிற்கின்றது. வன்தட்டு பழுதுற்றால் இரண்டும் ஒருங்கே போம். மேலும், ஒன்றன்மேல் ஒன்றாக இருபது நிலைப்படங்களை அடுக்கினால், ஒரு சிறு கோப்பை வாசிக்கவும் கணினி பல அடுக்குகளைத் துருவ நேரும். வேகம் குன்றும், இடமும் தீரும்.

நினைவகத்திலும் இவ்வாறான பகிர்வு உண்டு. ஒரே பணிசெயல் முறைமையுடைய பல கணினிகள் இயங்குங்கால், நினைவகத்தில் ஒரே உள்ளடக்கமுடைய பக்கங்கள் பல இருக்கும். அவற்றைக் கண்டுபிடித்து ஒன்றாக்கும் வசதி 2009 முதல் லினக்ஸில் உள்ளது. ஆயின் ஒருவரையொருவர் அறியாதார் பகிரும் இயந்திரங்களில் இது பாதுகாப்பன்று. ஒரு கணினியின் இரகசியத்தை அயற்கணினி ஊகிக்க இடமுண்டு என ஆய்வாளர் காட்டியதன் பின், 2014இல் வி.எம்.வெயர் நிறுவனம் தன் வழங்கிகளில் வெவ்வேறு கணினிகளுக்கிடையிலான இப்பகிர்வை இயல்பாகவே நிறுத்திவைத்தது. வகுப்பறைக்கு இது பெரிய அச்சமன்று என்பது எம் கருத்து.

இனிப் பிறர்க்குக் கொடுத்தல். மேலடுக்கை மாத்திரம் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் மாணவன் வெறுந்தாளையே எடுத்துச் செல்கிறான். அடிப்படையும் உடன் வேண்டும், அன்றேல் இரண்டையும் ஒன்றாக்கிய முழுக்கோப்பு வேண்டும். ஓ.வி.ஏ. என்னும் பொதியே இதற்குப் பொருத்தமானது. கணினியின் விவரமும் வன்தட்டும் அதனுள் ஒரே கோப்பாக அடங்கும், வேர்ச்சுவல்பொக்ஸ், வி.எம்.வெயர் இரண்டும் அதனை ஏற்கும். பென் டிரைவிலே பிரதி செய்யும்போது பாதிவழியில் 'கோப்பு மிகப் பெரிது' என்னும் செய்தி தோன்றினால், டிரைவ் பழுதென எறிந்துவிடாதீர்கள். ஃபட் 32 என்னும் பழைய ஒழுங்கமைப்பு 4 ஜிகாபைற்றுப் பருமனுள்ள கோப்பை ஏற்பதில்லை. எக்ஸ்ஃபட் முறைக்கு மாற்றினால் போதும். மாற்றுமுன் அதிலுள்ளவற்றை வேறிடத்தில் வைக்க மறவற்க.

கொடுக்குமுன் உள்ளே ஒருமுறை நோக்குதல் நன்று. உங்கள் கடவுச்சொற்கள், உலாவியிற் பதிந்த கணக்குகள், மின்னஞ்சல்கள், இரகசியச் சாவிகள் யாவும் அதனுள்ளே இருக்கக்கூடும். வீட்டை வாடகைக்குக் கொடுப்பவர் அலுமாரியில் நகையை விட்டுச் செல்வாரோ? உரிமம் பெற்ற மென்பொருள் இருப்பின், அதனைப் பிறர்க்குக் கொடுக்க உரிமை உண்டா என்றும் பார்க்கவேண்டும். இத்தொல்லை அற்றது என்பதனாலேயே வகுப்புகளுக்கு லினக்ஸை நாம் விரும்புகின்றோம்.

உண்மையில் முழுக் கணினியையும் அனுப்பவேண்டிய தேவை பல வேளைகளில் இல்லை. பலகாரத்தைப் பெட்டியில் அனுப்புவதற்குப் பதிலாகச் செய்முறைக் குறிப்பை அனுப்புவது போல, எந்த அடிப்படை, எவ்வளவு நினைவகம், எம்மென்பொருள்கள் என்னும் குறிப்பை மாத்திரம் அனுப்பலாம். 2010இல் வெளிவந்த வேகிரண்ட் இதற்கான கருவி. குறிப்பு சில கிலோபைற்றுகளே. ஆண்டுகள் கழித்தும் கண்ணால் வாசித்து விளங்கலாம். அடிப்படையை இணையத்திலிருந்து இறக்கவேண்டும் என்பதொன்றே குறை. டேட்டாவுக்குக் காசெண்ணும் வீடுகளுக்கு ஆசிரியரே அதனை ஒருமுறை இறக்கிப் பென் டிரைவிற் கொடுத்துவிடலாம்.

வாங்கும் மாணவர்க்கு இரண்டு குறிப்புகள். வீட்டுக் கணினியின் நினைவகம் 8 ஜிகாபைற்றாயின், மெய்நிகர் கணினிக்குப் பாதிக்கு மேல் ஒதுக்கவேண்டா. ஒதுக்கினால் இரண்டும் தவழும். ஆப்பிள் நிறுவனம் 2020 முதல் தானே வடிவமைத்த செயலிகளுடன் வெளியிட்ட மடிக்கணினிகளில், இன்ரெல் வகைச் செயலிக்கென ஆக்கிய மெய்நிகர் கணினி நேராக ஓடாது. போலச் செய்து ஓட்டினால் மிக மெதுவாகவே நகரும். அவ்வாறான கணினி வைத்திருப்போர் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி, ஏ.ஆர்.எம். வகைக்கான அடிப்படைக் கோப்பைக் கேட்டுப் பெறுக.