கிராபிக்ஸ் கார்டைத் தண்ணீர் குளிர வைப்பது எப்படி?

மே மாத வெயிலில் வல்லத்திலோ செஞ்சியிலோ கணினியில் கேம் ஆடியிருக்கிறீர்களா? கிராபிக்ஸ் கார்டின் விசிறி எவ்வளவு இரைந்தாலும் சூடு இறங்காது.

சூடான பால் டம்ளரைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தால் சட்டென ஆறுமே, ஏன்? அதே கொள்ளளவுக் காற்றைவிட நீர் 3,000 மடங்குக்கும் மேல் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும்.

கார்டிலும் அதேதான். சிப்பின் மேல் செப்புத் தகடு. அதனுள்ளே நீர் ஓடும். பம்பு அதை ரேடியேட்டருக்குத் தள்ள, அங்கே விசிறி ஆற்ற, நீர் திரும்பி வரும். சிப்புக்கும் தகட்டுக்கும் இடையில் பசை தடவுவது எதற்கு? மயிரிழை இடுக்கில் காற்று நின்றாலும் வெப்பம் கடக்கத் திணறும்.

திருச்சி என்ஐடியில் 2022-ல் தொடங்கிய 'பரம் பொருள்' சூப்பர் கணினியும் திரவத்தால்தான் குளிர்கிறது.

அறையின் வெப்பநிலைக்குக் கீழே கார்டில் ஓடும் நீர் குளிராது. மாட்டியதும் பம்பை மட்டும் ஓட்டிக் கசிவு பாருங்கள். கார்டுக்கு மின்சாரம் அதன் பிறகுதான்.