ஐப்பசி ஏரியும் நான்கு டிகிரித் தண்ணீரும்

தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில் மிக அதிக அடர்த்தி பெறுகிறது. அதனால் குளிர்நாட்டு ஏரிகளின் மேற்பரப்பு உறைந்தாலும் அடியில் மீன்கள் உயிர் வாழ்கின்றன. இதை ஆண்டுதோறும் நடத்துகிறோம், மாணவர்களும் ஒப்பிக்கிறார்கள். விருத்தாசலத்தில் உறைந்த ஏரியைப் பார்த்த குழந்தை கிடையாது. ஆனால், ஐப்பசி மழையில் தூண்டில் போடாத சிறுவன் அரிது. பாடத்தை அந்தத் தூண்டிலிலிருந்து தொடங்கலாமே.

முதலில் குளிர்நாட்டு ஏரி. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே உள்ள ஈரி, சுப்பீரியர் போன்ற பெரிய நன்னீர் ஏரிகளில், கோடைக்காலத்தில் வெதுவெதுப்பான நீர் மேலும் குளிர்ந்த நீர் கீழுமாக அடுக்காக நிற்கும். இரண்டும் கலப்பதில்லை. ஆழமான அடிநீருக்குக் காற்றின் ஆக்சிஜன் போய்ச் சேராது. இலையுதிர்கால முடிவில் மேல்நீர் குளிர்ந்து, கனத்து, கீழே இறங்குகிறது. காற்றும் சேர்ந்து ஏரியையே புரட்டிப்போடுகிறது. ஆக்சிஜன் அடிவரை பரவுவதால், அதுவரை குறிப்பிட்ட ஓர் அடுக்கிலேயே இருந்த மீன்கள் எங்கும் கலைந்துபோகின்றன. நேற்று மீன் கிடைத்த இடத்தில் இன்று கிடைக்காது. நீர் 4 டிகிரிக்கும் கீழே குளிர்ந்தால் அது லேசாகி மேலேயே தங்கிப் பனிக்கட்டியாகிறது.

நம் பக்கத்துப் பெரிய ஏரி வீராணம். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்டது. கொள்ளிடத்து நீர் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வருகிறது. மழைக்காலத்தில் செங்கால் ஓடை போன்றவை வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. நாளிதழில் 'நீர்மட்டம் 47.50 அடி' என்று படித்துவிட்டு, ஏரி அவ்வளவு ஆழம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள். கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி, அதாவது ஏறத்தாழ 4.15 கோடி கன மீட்டர். நீளம் சுமார் 16 கி.மீ. சராசரி அகலத்தைக் குறைத்து 2 கி.மீ. என்றே வைத்தாலும் சராசரி ஆழம் 1.3 மீட்டர்தான் வரும். 47.50 என்பது கடல் மட்டத்திலிருந்து அளந்த உயரம்.

இவ்வளவு ஆழமற்ற ஏரியில் அடுக்கு நீடித்து நிற்பதில்லை, காற்றடித்தாலே கலந்துவிடும். இங்கே பருவத்தை மாற்றுவது குளிர் அன்று, மழை. 30 டிகிரி நீரில் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். 4 டிகிரியில் 13 மில்லிகிராம் வரை கரையும். ஏற்கெனவே குறைவான அந்த இருப்பு, தொடர்ந்து மேகமூட்டமாக இருந்தால் இன்னும் குறைகிறது. பாசியின் ஒளிச்சேர்க்கை குறைகிறது. சுவாசமோ இரவு முழுக்க நடக்கிறது. விடியற்காலையில் கெண்டைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது அதனால்தான். விராலும் தேளியும் காற்றையே நேராகச் சுவாசிப்பதால் தாக்குப்பிடிக்கின்றன.

அடுத்தது கலங்கல். இதற்கு நம் ஊரில் ஆய்வகமே வேண்டாம். பீங்கான் பட்டறைக்கு வரும் களிமண்ணில் ஒரு பிடி கிடைத்தால் போதும். இரண்டு பாட்டில்களில் நீர் நிரப்பி, ஒன்றில் மணலும் மற்றதில் களிமண்ணும் போட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் சில நொடிகளில் படியும். 0.002 மில்லிமீட்டர் களிமண் துகள் 30 செ.மீ. இறங்க ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். அதைவிட நுண்ணியது படிய இன்னும் அதிக நேரம் ஆகும். பிறகு சிறிது படிகாரம் சேர்த்துப் பாருங்கள், துகள்கள் திரண்டு இறங்கும். வெள்ளம் வந்த ஏரி ஏன் நாள்கணக்கில் செம்மண் நிறமாகவே கிடக்கிறது என்பதற்கு விடை அந்தப் பாட்டிலில் இருக்கிறது. கண்ணால் பார்த்து இரை பிடிக்கும் விரால் அப்போது தூண்டிலுக்கு எளிதில் வராது. வலையைப் பார்க்க முடியாத மீன்களோ செவுள்வலையில் சிக்கும்.

நவம்பர், இரண்டு இடங்களிலும் ஆபத்தான மாதம். 1975 நவம்பர் 10 அன்று சுப்பீரியர் ஏரியின் புயலில் 'எட்மண்ட் பிட்ஸ்ஜெரால்டு' என்ற சரக்குக் கப்பல் மூழ்கி 29 பேரும் இறந்தார்கள். நமக்கு அதே மாதம்தான் புயல் சின்னம், மதகு திறப்பு, மழை விடுமுறை. பாயும் நீரில் ஆக்சிஜன் மிகுதி, இரையும் அடித்துவரப்படுகிறது. அதனால் மீன்கள் மதகு, கலுங்கு ஓரங்களில் கூடுகின்றன. சிறுவர்களும் அங்கேதான் கூடுகிறார்கள். மேலே அமைதியாகத் தெரியும் இடத்திலும் மதகின் வாய் அடியில் இழுக்கும். ஏரியின் ஆழம் 1.3 மீட்டர்தான் என்ற நம் கணக்கு அங்கே செல்லாது, அது சராசரி. பாட்டில் சோதனையை ஐப்பசி பிறந்ததும் செய்துவிடுகிறேன். முதல் மழை விடுமுறை வருவதற்குள், மீன் ஏன் மதகுக்கு வருகிறது என்பதும் அங்கே ஏன் இறங்கக் கூடாது என்பதும் ஒரே பாடத்தில் முடிந்திருக்கும்.