கெடா-கிளந்தான் மாடு: நம் நாட்டின் சொந்த இனம்

கிளந்தான், திரங்கானு, கெடா மாநிலங்களின் கம்பங்களைக் கடந்து செல்வோர், அறுவடை முடிந்த வயல்களில் செம்பழுப்பு நிறமும் சிறிய உருவமும் கொண்ட மாடுகள் மேய்வதைக் கண்டிருக்கலாம். கெடா-கிளந்தான் என வழங்கப்படும் இம்மாடுதான் தீபகற்ப மலேசியாவின் சொந்த இனம். டிராக்டர் வருமுன்னர் எருமையோடு சேர்ந்து வயலை உழுததும் வண்டி இழுத்ததும் இதுவே.

உருவத்தைக் கண்டு இதனை இகழ்வோர் உண்டு. பசுவின் எடை ஏறத்தாழ 200 முதல் 250 கிலோ. பிறந்த கன்று சுமார் 15 கிலோ. பாலோ கன்றுக்கு மட்டுமே போதுமானது. எனவே, பால் வியாபாரத்தை எண்ணி இதனை வாங்குவோர் ஏமாற்றமே அடைவர். இதன் பெருமை வேறிடத்தில் உள்ளது. கடும் வெயிலிலும் இது சோர்வின்றி மேயும். உண்ணிக்கும் குடற்புழுவுக்கும் எளிதில் தளர்ந்துவிடாது. மட்டமான புல்லைத் தின்றே தவறாது சினை பிடிக்கும். குளிர்நாட்டிலிருந்து வந்த ஃபிரீசியன் பசுவோ நமது வெப்பத்தில் தீனியைக் குறைத்துக்கொள்ளும்; சினை பிடிக்கவும் தாமதிக்கும்.

இந்நற்குணங்களை அறிந்தே, மார்டி எனப்படும் வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் பிராமன் இனத்தோடு இப்பசுக்களைக் கலந்து, 'பிராக்மாஸ்' என்னும் இறைச்சி இனத்தை உருவாக்கியது. கலப்பினக் கன்று பெரிதாக வளரும். நல்ல விலையும் பெறும். அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால், கலப்புக்குத் தூய தாய் வேண்டுமே! உள்ள பசுக்கள் அனைத்தையும் கலப்புக்கே விட்டுவிட்டால், அடுத்த தலைமுறைக்குத் தாய் எங்கிருந்து வரும்?

இத்தகைய இழப்பு நம் தோட்டப்புறங்களுக்குப் புதிதன்று. இந்தியாவிலிருந்து கொணரப்பட்ட மாடுகளின் வழிவந்த கறவைகளை நம் முன்னோர் லயங்களுக்குப் பின்புறம் கொட்டகை கட்டி வளர்த்தனர். பால் வெட்டி முடித்த பின் புல்லறுக்கச் சென்றவர்களை நம்மில் பலர் அறிவோம். பின்னர் ஃபிரீசியன் சினை ஊசி வந்தது. பால் பெருகியது உண்மையே. ஆயினும், அப்பழைய கறவையைக் கலப்பின்றிக் காண்பது அரிதாயிற்று.

மற்றொரு தீங்கு நம் கவனத்திற்கு எளிதில் வருவதில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது மந்தையிலேயே வாட்டசாட்டமான காளைக்குத்தான் நல்ல விலை கிடைக்கிறது. அதனை விற்றுவிட்டால், எஞ்சிய நோஞ்சான் காளையே பசுக்களோடு சேர்கிறது. ஆண்டுக்காண்டு மந்தை சிறுத்துவிடுகிறது. பிறகு, "நாட்டு மாடு வளராது" என்று இனத்தின்மீது பழி சுமத்துகிறோம். நல்ல காளை ஒன்றை விற்காமல் நிறுத்திவைப்பதே நாம் செய்யத்தக்க முதற் காரியம்.

அக்காளையையும் நெடுங்காலம் ஒரே மந்தையில் விடலாகாது. அதற்குப் பிறந்த கிடேரிகள் இரண்டாண்டு வயதை எட்டும்போது பருவத்துக்கு வந்துவிடும். தந்தையோடு சேர்ந்தால் நலிந்த கன்றுகள் பிறக்கும். ஆகவே, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, செம்பனைத் தோட்டத்தில் மாடு மேய்க்கும் அண்டை வீட்டாருடனோ பக்கத்துக் கம்பத்தாருடனோ காளையை மாற்றிக்கொள்ளலாம். மாற்றுமுன் கோமாரித் தடுப்பூசி போடப்பட்டுள்ளதா என்று கேட்டறிய வேண்டும். வெளிமாநிலத்துக் காளையாயின், கால்நடைச் சேவை இலாகாவின் அனுமதி பெற்றே கொண்டுவர வேண்டும்.